கிராஃபீன் அடுக்குகளுக்குப் பட்டைக் கணக்கு போடுவது எப்படி: 2×2 அணியிலிருந்து மாயக் கோணம் வரை

அடுக்குப் பொருட்களின் மின் பண்புகளைக் கணக்கிட வேண்டும் என்று இறங்குகிற பலரும் முதல் நாளே குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ என்கிற மென்பொருளை நிறுவி, யாரோ எழுதிய உள்ளீட்டுக் கோப்பை அப்படியே நகலெடுத்து, இரவெல்லாம் ஓடவிட்டு, காலையில் ஒரு பட்டைப் படத்தை (எலக்ட்ரானுக்கு எந்தெந்த ஆற்றல்கள் கிடைக்கும் என்று காட்டும் கோடுகள்) வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். படம் சரியாகத்தான் இருக்கும். இந்தக் கோடு ஏன் இங்கே நேராகப் போகிறது, அடுக்கு ஒன்று கூடினால் ஏன் வளைகிறது, மின்புலம் கொடுத்தால் ஏன் பிளக்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கணக்கு கைக்குள் அடங்குகிற அளவுதான்: ஒற்றை அடுக்குக்கு 2×2 அணி, இரட்டை அடுக்குக்கு 4×4. அதை முதலில் போட்டுவிட்டுப் பெரிய மென்பொருளுக்குப் போனால், அது தப்பான விடை கொடுக்கிற நாளில் உங்களால் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

தேவையானது அதிகமில்லை. கலப்பெண், அணி, ஐகன் மதிப்பு, கொஞ்சம் குவாண்டம் இயற்பியல். கணக்குக்கு முதலில் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர், அப்புறம் பைத்தானும் அதன் கணித நூலகமான நம்பையும். சாதாரண மடிக்கணினி தாராளமாகப் போதும்.

எடுத்துக்காட்டுப் பொருளாகக் கிராஃபீனை எடுத்துக்கொள்வோம். பென்சில் முனையில் இருப்பதும் சிவகங்கைப் பக்கம் வெட்டியெடுப்பதும் கிராஃபைட். அதன் ஒற்றைத் தாள்தான் கிராஃபீன். 2004ல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் உரித்து அதைத் தனியே எடுத்துக் காட்டினார்கள், 2010ல் நோபல் கிடைத்தது. ஆனால் கணக்கு அதற்கு ரொம்ப முன்னாலேயே இருந்தது. கிராஃபைட்டைப் புரிந்துகொள்வதற்காக பி. ஆர். வாலஸ் 1947லேயே அந்த ஒற்றைத் தாளுக்குக் கணக்கு போட்டுவிட்டார். நாம் இப்போது போடப்போவதும் அதே கணக்குதான்.

எந்த எலக்ட்ரானை எடுப்பது

மாதிரி எழுதுவதில் பாதி வேலை எதை விடுவது என்று தீர்மானிப்பது. கார்பனுக்கு வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். அவற்றில் மூன்று, பக்கத்தில் இருக்கும் மூன்று கார்பன்களோடு சிக்மா பிணைப்பில் போய்விடுகின்றன. தாளின் உறுதி அவற்றால்தான், ஆனால் அவற்றின் ஆற்றல் ஃபெர்மி மட்டத்திலிருந்து (எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் உச்ச ஆற்றல்) சில எலக்ட்ரான் வோல்ட் தள்ளிக் கிடப்பதால் மின்சாரம் கடத்தும் கதையில் அவற்றுக்குப் பங்கில்லை. மிச்சமிருக்கும் ஒன்று தாளுக்குச் செங்குத்தாக நிற்கிற பி-இசட் ஆர்பிட்டாலில் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொள்வோம். ஆக அணுவுக்கு ஓர் ஆர்பிட்டால். அறுகோண வலையின் அலகுக்கூட்டில் (திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டில்) ஏ, பி என்று இரண்டு அணுக்கள். எனவே அணி 2×2.

இனி டைட் பைண்டிங். எலக்ட்ரான் ஓர் அணுவிலேயே பெரும்பாலும் இருக்கிறது, அவ்வப்போது பக்கத்து அணுவுக்குத் தாவுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தத் தாவலின் வலுவுக்கு டி என்று பெயர் வைப்போம், மதிப்பு சுமார் 2.8 எலக்ட்ரான் வோல்ட். ஓர் ஏ அணுவுக்குப் பக்கத்தில் மூன்று பி அணுக்கள். ஒன்று அதே கூட்டில், மற்ற இரண்டும் அடுத்தடுத்த கூடுகளில். ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குப் போகும்போது அலையின் கட்டம் மாறும். ஒரு திசையில் மாறும் அளவைத் தீட்டா1 என்றும் இன்னொரு திசையில் மாறும் அளவைத் தீட்டா2 என்றும் வையுங்கள். இந்த மூன்று தாவல்களின் கட்டங்களைக் கலப்பெண்களாகக் கூட்டினால் வருவது எஃப். அணியின் மூலைவிட்டத்தில் இரண்டு சுழி, ஒரு மூலையில் −டி × எஃப், எதிர் மூலையில் அதன் இணைக் கலப்பெண். ஐகன் மதிப்புகள் ± டி × |எஃப்|. முழுச் சூத்திரம் இதுதான்:

|எஃப்|² = 3 + 2 கொசைன்(தீட்டா1) + 2 கொசைன்(தீட்டா2) + 2 கொசைன்(தீட்டா1 − தீட்டா2)

அலைத்திசையன், தலைகீழ் வலை, பிரில்லூயன் மண்டலம் என்று பயமுறுத்துகிற சமாச்சாரமெல்லாம் இந்த இரண்டு கோணங்களுக்குள் அடங்கிவிட்டதைக் கவனியுங்கள். இரண்டையும் 0 முதல் 360 டிகிரி வரை ஓடவிட்டால் மண்டலம் முழுதும் ஒரு தடவை சுற்றி வந்ததாகிவிடும். பாடப்புத்தகங்கள் இதை எக்ஸ், ஒய் திசைகளில் பிரித்து √3களை அள்ளித் தெளித்து எழுதுவதால்தான் பலருக்கு இது கடினமாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

சரி, கால்குலேட்டரை எடுங்கள். இரண்டு கோணமும் 0 என்றால் |எஃப்|² = 9, ஆற்றல் ±8.4 எலக்ட்ரான் வோல்ட். இது மண்டலத்தின் நடு. ஒன்று 180, மற்றது 0 என்றால் |எஃப்|² = 1, ஆற்றல் ±2.8, இது எம் புள்ளி. இப்போது 120, 240 போடுங்கள். மூன்று கொசைனும் −½. கூட்டுத்தொகை சுழி. மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் அங்கே தொட்டுக்கொள்கின்றன, அதுதான் கே புள்ளி. 240, 120 போட்டாலும் அதே விடை. அது கே-பிரைம், வேறொரு புள்ளி. அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் நிரப்பினால் கீழ்ப் பட்டை சரியாக நிறைந்து, ஃபெர்மி மட்டம் இந்தத் தொடு புள்ளியிலேயே வந்து நிற்கும். பட்டைகளுக்கு நடுவே ஆற்றல் இடைவெளி இல்லை, அதே சமயம் சாதாரண உலோகமும் இல்லை.

கே புள்ளியிலிருந்து கொஞ்சம் நகர்ந்தால் ஆற்றல் நேர்கோட்டில் ஏறுகிறது. அந்தச் சரிவிலிருந்து எலக்ட்ரானின் வேகம் கிடைக்கும். 3 × டி × பிணைப்பு நீளம் ÷ 2, அதைக் குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலியால் வகுக்க வேண்டும். பிணைப்பு நீளம் 1.42 ஆங்ஸ்ட்ராம். மேலே இருக்கும் பெருக்கல் 5.96 எலக்ட்ரான் வோல்ட்-ஆங்ஸ்ட்ராம் என்று வரும் (இதைக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டும்), வகுத்தால் நொடிக்குச் சுமார் 9 லட்சம் மீட்டர். ஆய்வகத்தில் அளப்பது நொடிக்குச் சுமார் 10 லட்சம் மீட்டர். நான்கு வரிக் கணக்குக்கு இது மோசமில்லை.

ஆனால் அந்த ±8.4ஐ நம்பாதீர்கள். உண்மையான கிராஃபீனில் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் அவ்வளவு தூரத்தில் கண்ணாடிப் பிம்பம் போல இருப்பதில்லை. நாம் விட்டுவிட்ட அடுத்த கட்டத் தாவலும், பக்கத்து ஆர்பிட்டால்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதும் அங்கே தலைகாட்டும். கே புள்ளியைச் சுற்றி ஓர் எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் இந்த மாதிரியை வைத்துப் பேசலாம். மின்சாரம் கடத்துவது அதற்குள்தான் நடக்கிறது என்பதால் நமக்கு அது போதும்.

கணினியில் ஏற்றும்போது

நம்பையில் ஐகன் மதிப்பு காண இரண்டு வகைக் கட்டளைகள் இருக்கின்றன. ஒன்று எந்த அணிக்கும் ஆனது, மற்றது, நம்முடையதைப் போல எதிர் மூலைகள் இணைக் கலப்பெண்களாக இருக்கும் ஹெர்மீசிய அணிக்கு மட்டும் ஆனது. இரண்டாவதைத்தான் பயன்படுத்த வேண்டும், வேகமும் அதிகம், விடைகளும் மெய்யெண்களாக வரிசைப்படி வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கட்டளை அணியின் கீழ் முக்கோணத்தை மட்டும் படித்துவிட்டு, மேல் முக்கோணம் அதன் இணையாகத்தான் இருக்கும் என்று தானாக எடுத்துக்கொள்ளும், சரிபார்க்காது. நீங்கள் மேல் பாதியில் ஒரு குறியைத் தப்பாகப் போட்டிருந்தாலும் ஒரு எச்சரிக்கையும் வராது, அழகான ஒரு தப்பு விடை வரும். எனவே அணியைக் கட்டியவுடன், அதிலிருந்து அதன் இணை இடமாற்று அணியைக் கழித்து எல்லாம் சுழியாகிறதா என்று பார்க்கிற ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்.

அடுத்து அடர்த்தி. அதாவது எந்த ஆற்றலில் எத்தனை நிலைகள் இருக்கின்றன என்கிற வரைபடம். இரண்டு கோணங்களையும் 300 × 300 கட்டங்களாகப் பிரித்து, எல்லாப் புள்ளியிலும் ஆற்றலைக் கண்டுபிடித்து ஹிஸ்டோகிராம் போட்டால் வந்துவிடும். ±2.8ல் கூரான இரண்டு உச்சிகள் தெரிய வேண்டும். எம் புள்ளியில் பட்டை சமதளமாவதால் வரும் வான் ஹோவ் உச்சிகள் அவை. சுழிக்குப் பக்கத்தில் ஆங்கில வி எழுத்து போல நேர்கோட்டில் இறங்க வேண்டும். பலருக்கு அங்கே சீப்புப் பல் மாதிரி வரும். பொருளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 300 கட்டம் என்றால் கே புள்ளிக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த புள்ளிகளின் ஆற்றல் வித்தியாசம் டி × 2பை ÷ 300, சுமார் 0.06 எலக்ட்ரான் வோல்ட். அதைவிடச் சின்னதாக ஹிஸ்டோகிராமின் பெட்டியை வைத்தால் சில பெட்டிகள் காலியாகத்தான் இருக்கும். இரட்டை அடுக்கில் நமக்கு வேண்டிய சங்கதி முழுக்க 0.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் நடப்பதால், மண்டலம் முழுக்கச் சமமாகக் கட்டம் போடுவதை அங்கே விட்டுவிட்டு, கே புள்ளியைச் சுற்றி மட்டும் நெருக்கமாகப் போடுங்கள்.

இரண்டாவது தாளை வைப்போம்

கணக்கு சுவாரசியமாவது இங்கேதான். இயற்கையான கிராஃபைட்டில் அடுத்த தாள் நேர் மேலே உட்காருவதில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறது. கீழ்த் தாளின் பி அணுவுக்கு நேர் மேலே மேல் தாளின் ஏ அணு வருகிறது. கீழ் ஏவும் மேல் பியும் எதிராளி இல்லாமல், அறுகோணத்தின் நடுவைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இதற்கு ஏபி அடுக்கு என்று பெயர். தாள்களுக்கு நடுவே 3.35 ஆங்ஸ்ட்ராம்.

அணியின் வரிசையை ஏ1, பி1, ஏ2, பி2 என்று வையுங்கள். ஏ1-பி1 இடத்திலும் ஏ2-பி2 இடத்திலும் பழைய −டி × எஃப். நடுவில் பி1-ஏ2 இடத்தில், தாள் விட்டுத் தாள் நேர் மேலே தாவும் வலுவான காமா1 என்கிற புது எண், சுமார் 0.38 எலக்ட்ரான் வோல்ட். மற்ற இடமெல்லாம் சுழி. அவ்வளவுதான் இரட்டை அடுக்கு. பேனாவாலேயே தீர்த்துவிடலாம். டி × |எஃப்| என்பதை எக்ஸ் என்று எழுதினால் நான்கு ஆற்றல்கள்:

± காமா1/2 ± √(காமா1²/4 + எக்ஸ்²)

கே புள்ளியில் எக்ஸ் = 0. இரண்டு பட்டைகள் சுழியில், ஒன்று +0.38ல், ஒன்று −0.38ல். நேர் மேலும் கீழுமாக இருந்த ஜோடி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தூரமாக விலகிவிட்டது, எதிராளி இல்லாத இரண்டும் சுழியிலேயே தங்கிவிட்டன. இப்போது கொஞ்சம் நகர்ந்து எக்ஸ் = 0.1 ஆகும் இடத்துக்கு வாருங்கள். ஒற்றை அடுக்கில் அங்கே ஆற்றல் 0.1. இங்கே 0.025தான். நேர்கோடு போய் எக்ஸ்² ÷ காமா1 என்கிற பரவளையம் வந்துவிட்டது. ஏ1ல் இருக்கும் எலக்ட்ரான் பி2க்குப் போக வேண்டுமானால், விலகிப்போன அந்த ஜோடி வழியாகத் தாளுக்குள் இரண்டு தாவல் போட்டே ஆக வேண்டும், அதனால் எக்ஸ் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. பரவளையம் என்றால் நிறை உண்டு. நம் எண்களில் அந்த நிறை எலக்ட்ரான் நிறையில் சுமார் 0.04 பங்கு. இந்தக் குறைந்த ஆற்றல் வடிவத்தை எட்வர்ட் மெக்கேனும் விளாடிமிர் ஃபால்கோவும் 2006ல் 2×2 ஆகச் சுருக்கிக் கொடுத்தார்கள், இன்றைக்கும் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அடுத்து மின்புலம். தாளுக்குச் செங்குத்தாகப் புலம் கொடுத்தால் இரண்டு தாள்களின் மின்னழுத்தம் வேறுபடும், அந்த ஆற்றல் வித்தியாசத்தை யு என்று வைப்போம். அணியின் மூலைவிட்டத்தில் முதல் இரண்டுக்கு +யு/2, அடுத்த இரண்டுக்கு −யு/2 போடுங்கள். இடைவெளி திறந்துவிடும்! ஒற்றைத் தாளில் இந்த வித்தை நடக்காது, அங்கே ஏவையும் பியையும் செங்குத்துப் புலத்தால் பிரிக்க முடியாது. இடைவெளியின் அளவு:

யு × காமா1 ÷ √(யு² + காமா1²)

யு 0.1 என்றால் இடைவெளி 0.097. யு 0.2 என்றால் 0.177. யுவை எவ்வளவு ஏற்றினாலும் இடைவெளி காமா1ஐத் தாண்டாது. இதை உங்கள் நிரலில் சரிபார்க்கும்போது கே புள்ளியில் மட்டும் இடைவெளியை அளந்தால் சரியாக யு என்றே வரும், சூத்திரத்தோடு ஒத்துப்போகாது. நிரல் சரிதான். பட்டையின் அடிமட்டம் கே புள்ளியில் இல்லை, கொஞ்சம் தள்ளி அதைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கிறது. மெக்சிகன் தொப்பி என்று சொல்வார்கள். மிகக் குறைந்த ஆற்றலை அந்த வட்டாரம் முழுக்கத் தேடி எடுக்க வேண்டும்.

பெர்க்லியில் 2009ல் இரண்டு பக்கமும் கேட் (மின்புலம் கொடுக்கும் மின்முனை) வைத்த இரட்டை அடுக்கில் 0.25 எலக்ட்ரான் வோல்ட் வரை இடைவெளியைத் திறந்து அளந்தார்கள். உங்கள் மாதிரியை அதோடு ஒப்பிட ஆசைப்பட்டால் ஒன்றை மறக்கக்கூடாது: கேட்டில் கொடுக்கிற வோல்ட்டேஜ் வேறு, யு வேறு. வெளிப்புலம் வந்தவுடன் எலக்ட்ரான்கள் ஒரு தாளிலிருந்து மற்றதற்கு நகர்ந்து புலத்தின் ஒரு பகுதியை மறைத்துவிடும். ஒரு யுவை ஊகித்து, பட்டைகளைக் கண்டு, தாள்தோறும் மின்னூட்டத்தைக் கூட்டி, அதிலிருந்து புது யுவைக் கண்டு, மாறாமல் நிற்கும்வரை சுற்ற வேண்டும். பத்து வரி நிரல் கூடும், ஆனால் அதைச் செய்யாமல் சோதனை வளைகோட்டின்மேல் கோடு வரைவதில் அர்த்தமில்லை.

இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஏ1-பி2 சாய்ந்த தாவலுக்குக் காமா3, ஏ1-ஏ2 மற்றும் பி1-பி2 தாவலுக்குக் காமா4. அகச்சிவப்பு அளவீடுகளிலிருந்து எடுத்த ஒரு தொகுப்பில் தாளுக்குள் தாவல் 3.16, காமா1 0.38, காமா3 0.38, காமா4 0.14. முதல் எண் நாம் எடுத்த 2.8 இல்லையே என்று தோன்றும். ஒவ்வொரு தொகுப்பும் அதற்குள்ளேதான் ஒத்துப்போகும். ஒரு கட்டுரையிலிருந்து ஓர் எண், இன்னொன்றிலிருந்து மற்றொன்று என்று பொறுக்கிச் சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற கோளாறு. காமா3 சேர்த்தால் சம ஆற்றல் வட்டம் முக்கோணமாகக் கோணும், ஓரிரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் போனால் பரவளையமே நான்கு சிறு கூம்புகளாக உடையும். காமா4 மேலுக்கும் கீழுக்கும் இருக்கும் சமச்சீரைக் கெடுக்கும். அறை வெப்பநிலையில் மின்கடத்தல் மட்டும்தான் வேண்டுமென்றால் இரண்டையும் விட்டுவிடலாம்.

மூன்று, நான்கு, அதற்கு மேல்

அடுக்குகளின் எண்ணிக்கையை ‘என்’ என்று வைத்தால் 2என் × 2என் அணி. ஆனால் எப்படி அடுக்கினோம் என்பதைப் பொறுத்துக் கதையே மாறும். மூன்றாவது தாள் முதலாவதுக்கு நேர் மேலே வந்தால் ஏபிஏ, இன்னும் ஒரு தடவை அதே பக்கம் நகர்ந்தால் ஏபிசி. ஏபிஏவின் ஆறு பட்டைகளை வரைந்து பார்த்தால் ஒரு ஒற்றை அடுக்கும், காமா1க்குப் பதில் √2 காமா1 போட்ட ஓர் இரட்டை அடுக்கும் ஒன்றாகக் கிடப்பது தெரியும். பொதுவாக இந்த வகை அடுக்கில் 2 காமா1 கொசைன்(எம் × 180 ÷ (என்+1)) என்கிற (இங்கே எம் என்பது 1, 2 என்று என்/2 வரை போகும் வரிசை எண்) வலுக்கொண்ட இரட்டை அடுக்குகள் வரிசையாக வரும், என் ஒற்றைப்படையானால் கூடவே ஓர் ஒற்றை அடுக்கு. என் பெரிதாகப் பெரிதாக அந்த வலு 2 காமா1ஐ நெருங்கும். அதுவே வாலஸ் தொட்ட கிராஃபைட்.

ஏபிசியில் தாளுக்குள் மூன்று தாவல் போட்டால்தான் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக முடியும், எனவே ஆற்றல் எக்ஸ்³ போல ஏறும். அதே எக்ஸ் = 0.1ல் இப்போது ஆற்றல் 0.006 சொச்சம். 0.1, 0.025, 0.006 என்று பட்டை தட்டையாகிக்கொண்டே போவதைப் பாருங்கள். பட்டை தட்டையானால் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் ஒன்றுமில்லாமல் போய், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் ஆற்றல் கை ஓங்கும். நம் மாதிரியில் அந்தத் தள்ளுதல் கிடையாது. 2021ல் ஏபிசி மூவடுக்கில் மீகடத்தல் (மின்தடையே இல்லாத கடத்தல்) பார்த்தார்கள். அதை இந்த அணியிலிருந்து எடுக்க முடியாது, ஆனால் அது எங்கே நடக்க வாய்ப்பு என்பதை இந்த அணி காட்டிவிடும்.

கார்பன் அல்லாத பொருளுக்கு அணியைப் புதிதாக யோசிக்க வேண்டும். போரான் நைட்ரைடு சுலபம்: அதே அறுகோணம், ஏவில் போரான், பியில் நைட்ரஜன், இரண்டு அணுக்களின் ஆற்றல் வித்தியாசத்தைக் காட்ட மூலைவிட்டத்தில் +எம், −எம், ஆற்றல் ±√(எம்² + எக்ஸ்²), இடைவெளி 2எம். 6 எலக்ட்ரான் வோல்ட் சுற்றுவட்டாரத்தில் இடைவெளி இருப்பதால் அது காப்புப்பொருள். மாலிப்டினம் டைசல்ஃபைடுக்கு பி-இசட் உதவாது, மாலிப்டினத்தின் டி வகை ஆர்பிட்டால்கள் (தாவல் வலு டி வேறு) மூன்று வேண்டும். 2013ல் வெளிவந்த மூன்று பட்டை மாதிரி நல்ல தொடக்கம். அதில் சுழல்-சுற்றுப்பாதைப் பிணைப்பைச் சேர்த்தால் கே புள்ளியில் இணைதிறன் பட்டை சுமார் 0.15 எலக்ட்ரான் வோல்ட் பிளப்பது தெரியும். ஒற்றை அடுக்கில் அது நேரடி இடைவெளிக் குறைகடத்தி (மேல் பட்டையின் அடியும் கீழ்ப் பட்டையின் உச்சியும் ஒரே புள்ளியில்), அடுக்குகள் கூடினால் மறைமுக இடைவெளி. 2010ல் ஒளிர்வை அளந்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

திருகினால் என்ன ஆகும்

இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு லேசாகத் திருப்பினால் பெரிய பெரிய வட்டங்களாக ஒரு கோலம் தெரியும் அல்லவா, இரண்டு கிராஃபீன் தாள்களைத் திருகினாலும் அதுவேதான், மோயரே என்பார்கள். கோலத்தின் அளவு: வலை மாறிலி ÷ (2 சைன்(கோணம்/2)). வலை மாறிலி 2.46 ஆங்ஸ்ட்ராம், கோணம் 1.05 டிகிரி என்றால் 134 ஆங்ஸ்ட்ராம். அதற்குள் 11,908 அணுக்கள். அத்தனைக்கும் முழு அணி கட்டினால் அணி மட்டுமே 2.3 ஜிகாபைட் பிடிக்கும். செய்யலாம். ஐதான அணியாக வைத்து, சுழிக்குப் பக்கத்தில் உள்ள சில ஐகன் மதிப்புகளை மட்டும் கேட்டால் மடிக்கணினியிலேயே வரும். தாவல்களுக்கு ஸ்லேட்டர்-காஸ்டர் முறை: தாளுக்குள் −2.7, நேர் மேலே 0.48, தூரம் கூடக்கூட அடுக்குக்குறியில் தேயும், தேயும் நீளம் சுமார் 0.45 ஆங்ஸ்ட்ராம்.

ஆனால் முதல் தடவையே அதைச் செய்யாதீர்கள். 2011ல் ரஃபி பிஸ்ட்ரிட்சரும் ஆலன் மெக்டொனால்டும் ஒரு குறுக்குவழி கொடுத்தார்கள். அணுக்களை மறந்துவிட்டு, இரண்டு தாள்களின் கே கூம்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். திருகியதால் இரண்டும் கொஞ்சம் விலகி நிற்கின்றன. அந்த விலகல், மண்டலத்தின் நடுவிலிருந்து கே புள்ளியின் தூரமான 1.703ஐ (ஆங்ஸ்ட்ராமுக்கு) ரேடியனில் கோணத்தால் பெருக்கினால் வரும். ஒரு கூம்பிலிருந்து மற்றதற்குத் தாவும் வலு சுமார் 0.11 எலக்ட்ரான் வோல்ட். இந்த வலுவை, விலகல் × 5.96ஆல் வகுத்து வரும் ஒற்றை எண்ணை ஆல்ஃபா என்று வையுங்கள். ஒரு கூம்பையும் அதோடு இணையும் மூன்று கூம்புகளையும் மட்டும் வைத்துக் கணக்கை நிறுத்தினால் வேகம் இந்த விகிதத்தில் குறையும்:

(1 − 3 ஆல்ஃபா²) ÷ (1 + 6 ஆல்ஃபா²)

கோணம் 5 டிகிரி: ஆல்ஃபா 0.124, வேகம் 87 சதவீதம். 2 டிகிரி: ஆல்ஃபா 0.31, வேகம் 45 சதவீதம். ஆல்ஃபா 1/√3 ஆகும்போது வேகம் சுழி, அதற்கான கோணம் 1.08 டிகிரி. கால்குலேட்டரில்! 2018ல் எம்ஐடியில் பாப்லோ ஹரியோ-எரேரோ குழு சுமார் 1.1 டிகிரியில் திருகிய இரட்டை அடுக்கில் 1.7 கெல்வினில் மீகடத்தலைக் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்த மாயக் கோணம் இதுதான். ஒரு வேடிக்கை: டிக்கு 2.8க்குப் பதில் 3.16 போட்டுவிட்டு 0.11ஐ மாற்றாமல் விட்டால் விடை 0.95 டிகிரிக்கு நழுவிவிடும். எண்களைக் கலக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பட்டைகளை முழுதாக வரைய, கூம்புகளை ஒன்றிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து மேலும் என்று தேன்கூடுபோல விரித்துக்கொண்டே போக வேண்டும். நூற்றுச் சொச்சம் வரிசை உள்ள அணியிலேயே விடை நிலைத்துவிடும். இந்தத் தேன்கூட்டை ஒரு சுற்று பெரிதாக்கியும் தட்டைப் பட்டை நகரவில்லை என்றால் போதும். பட்டை வந்தபின் இன்னொரு திருத்தம் உண்டு. நிஜத் தாள்கள் விறைப்பாக நிற்பதில்லை. அணுக்கள் நகர்ந்து, நேருக்கு நேர் அமரும் பகுதியைச் சுருக்கி ஏபி பகுதியைப் பெரிதாக்கிக்கொள்கின்றன. மாதிரியில் இதைக் கொண்டுவர 0.11 என்ற ஒரே எண்ணை இரண்டாகப் பிரித்து, நேர் அமர்வுக்கு 0.08, ஏபிக்கு 0.0975 என்று போடுவது வழக்கம். போட்டவுடன் தட்டைப் பட்டைகள் மற்ற பட்டைகளிலிருந்து தனியே பிரிந்து நிற்கும்.

பெரிய மென்பொருள் எப்போது

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கும் கட்டத்தில். புதுப் பொருள், யாரும் காமா1 அளந்ததில்லை என்றால் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக் கணக்கு (குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ போடுவது) போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது சிலவற்றைக் கவனியுங்கள். வழக்கமான பிபிஇ சார்பியம் (எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிப்பதைத் தோராயமாகக் கணக்கிடும் சூத்திரம்) அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் வான்டர்வால்ஸ் ஈர்ப்பைச் சரியாகப் பிடிக்காது, தாள்கள் தூரத் தூரப் போய்விடும். டி3 போன்ற திருத்தம் ஒன்றைச் சேர்த்து, கிராஃபைட்டுக்கு 3.35 ஆங்ஸ்ட்ராம் சுற்றி வருகிறதா என்று முதலில் பாருங்கள், வராவிட்டால் உங்கள் காமா1 எல்லாம் வீண், ஏனென்றால் அது தூரத்தோடு அடுக்குக்குறியில் மாறுகிறது. தனித் தாளுக்கு மேலே 15 முதல் 20 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் விடுங்கள். அலைத்திசையன் கட்டத்தை 3ன் மடங்காக வையுங்கள், அப்போதுதான் கே புள்ளி கட்டத்துக்குள் விழும். ஆற்றல் இடைவெளியைப் பிபிஇ பெரும்பாலும் குறைத்தே சொல்லும், அந்த எண்ணை அப்படியே எடுத்துச் சோதனையோடு ஒப்பிடாதீர்கள். கணக்கு முடிந்ததும் வானியே90 என்கிற மென்பொருள் கொண்டு ஆர்பிட்டால்களைப் பிரித்துத் தாவல் எண்களை எடுத்து, நீங்கள் கையால் கட்டிய 4×4 அணிக்குள் போட்டு, இரண்டு பட்டைப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வரையுங்கள். கே புள்ளியைச் சுற்றி அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் விலகல் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காமா4ஐ. அதன் குறி தலைகீழாகியிருப்பது அடிக்கடி நடக்கும்.